காடைக் குஞ்சுகளின் முதல் பத்து நாட்கள்

விவசாயத்தோடு உபதொழிலாகக் காடை வளர்க்க விரும்பும் அங்கத்தினர் பலர் தங்கள் சங்கத்தில் கடன் பெற்றுக் குஞ்சுகளை வாங்குகின்றனர். கூண்டு அமைப்பதிலும், முட்டையை விற்பதிலும் அவர்கள் செலுத்தும் கவனம் குஞ்சு வந்து சேரும் முதல் பத்து நாட்களில் பெரும்பாலும் செலுத்தப்படுவதில்லை. ஆனால் காடை வளர்ப்பில் லாபமும் நஷ்டமும் நிர்ணயமாவது அந்தப் பத்து நாட்களிலேயே ஆகும்.

உதாரணமாக, ஓர் அங்கத்தினர் 200 குஞ்சுகள் வாங்குவதாகக் கொள்வோம். முதல் வாரத்தில் 60 குஞ்சுகள் இறந்துவிட்டால், 200 குஞ்சுகளுக்குக் கொடுத்த விலையை மீதமுள்ள 140 பறவைகளே ஈட்டித் தரவேண்டும். பிழைத்த ஒவ்வொரு பறவையும் தன் விலையோடு இறந்த குஞ்சு ஒன்றின் விலையில் ஏழில் மூன்று பங்கு சுமக்கிறது. விளக்குச் செலவும், கூண்டின் செலவும், உழைப்பும் குறைவதில்லை. கடன் தவணையும் குறைவதில்லை. ஆகையால் குஞ்சு சாகாமல் காப்பது கடனை அடைக்கும் வழிகளில் முதன்மையானதாகும்.

இப்பாடத்தில் மனத்தில் இருத்த வேண்டிய உண்மை ஒன்றே. குஞ்சு இறக்கும் நாள் வேறு, அதன் சாவுக்குக் காரணமான பிழை நேர்ந்த நாள் வேறு. மூன்றாம் நாள் இறக்கும் குஞ்சு பெரும்பாலும் முதல் நாளே கைவிடப்பட்ட குஞ்சாகும். இதை அறிந்தவர் முதல் நாளில் விழிப்பாக இருப்பர்.

காடையின் இயல்பு

பண்ணைகளில் வளர்க்கப்படுவது ஜப்பானியக் காடையாகும். ஜப்பானில் அது முதலில் குரலின் இனிமைக்காகக் கூண்டில் வைத்து வளர்க்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முட்டைக்கும் இறைச்சிக்குமாக வளர்க்கப்படலாயிற்று. இந்தியாவுக்கு 1974-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து இப்பறவை கொண்டுவரப்பட்டு, உத்தரப் பிரதேசத்தில் பரேலி நகருக்கு அருகிலுள்ள இஸத்நகரில் ஆராயப்பட்டது. நம் வயல்வெளிகளில் திரியும் காட்டுக் காடை வேறு. அதை வலைவைத்துப் பிடிப்பதும், அதன் முட்டையை எடுப்பதும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்கு விரோதமாகும். குஞ்சுகளைப் பொரிப்பகங்களிலிருந்தே பெற வேண்டும்.

பல தலைமுறைகளாகக் கூண்டில் வளர்ந்ததனால் ஜப்பானியக் காடை அடைகாக்கும் குணத்தைப் பெரும்பாலும் இழந்துவிட்டது. அது முட்டையிடும், ஆனால் அதன்மேல் அமர்ந்து பொரிப்பதில்லை, குஞ்சுகளைச் சிறகினடியில் அணைப்பதுமில்லை. நாட்டுக் கோழிக் குஞ்சுக்குத் தாய்க்கோழி செய்யும் அனைத்தையும் காடைக் குஞ்சுக்கு வளர்ப்பவரே செய்ய வேண்டும். தாய்க்கோழி வெப்பம் தருகிறது, தீனியைக் கொத்திக் காட்டுகிறது, தண்ணீருக்கு அழைத்துச் செல்கிறது, பகையை விரட்டுகிறது. இவை நான்கும் வளர்ப்பவரின் பொறுப்பாகின்றன.

முட்டையினின்று வெளிவரும் வேளை

காடை முட்டை ஏறக்குறைய 10 முதல் 12 கிராம் எடையுள்ளது. அது 17 அல்லது 18 நாட்களில் பொரிகிறது. வெளிவரும் குஞ்சின் எடை 7 கிராம் அளவே. கோழிக் குஞ்சின் எடையில் ஐந்தில் ஒரு பங்குதான்.

சங்கத்திலோ வீட்டிலோ பொரிக்கும் கருவி வைத்திருப்போர் ஓட்டில் முதல் விரிசல் கண்டவுடன் கருவியைத் திறந்து திறந்து பார்ப்பது பெரும் தவறாகும். திறக்கும்போது உள்ளிருக்கும் ஈரக்காற்று வெளியேறிவிடும். ஓட்டின் உட்புறச் சவ்வு உலர்ந்து குஞ்சின் உடலோடு ஒட்டிக்கொள்ளும். அவ்வாறு ஒட்டிய குஞ்சால் வெளிவர இயலாது. ஓட்டைக் கையால் உரித்து உதவுவதும் ஆகாது. சவ்விலுள்ள இரத்தக் குழாய்கள் வற்றுமுன்னும், மஞ்சள் கரு வயிற்றினுள் முழுவதும் இழுக்கப்படுமுன்னும் உரிக்கப்பட்ட குஞ்சு இரத்தம் கசிந்து இறக்கும்.

வெளிவந்த குஞ்சு ஈரம் உலர்ந்து, மயிர் பஞ்சுபோல் விரியும்வரை கருவியினுள்ளேயே இருக்கலாம். வயிற்றினுள் இழுத்துக்கொண்ட மஞ்சள் கரு அதற்குச் சிறிது காலத்திற்கு உணவாகும். ஆனால் காடைக் குஞ்சின் சேமிப்பு மிகச் சிறியது. பொரித்த 24 மணி நேரத்திற்குள் நீரும் தீனியும் அதற்குக் கிடைத்தாக வேண்டும். தொலைவிலிருந்து குஞ்சு வாங்குவோர் பொரித்த நேரத்தைக் கேட்டறிந்து, இரவுப் பயணத்தையும் குளிர்காற்றையும் தவிர்த்து, கூடியவரையில் விரைவாக வீடு சேர்க்க வேண்டும். தொப்புள் மூடாத குஞ்சு, நிற்க மாட்டாத குஞ்சு, கண் திறவாத குஞ்சு ஆகியவற்றை வாங்கும்போதே விலக்கிவிடுதல் நலம்.

வெப்பம்

ஓர் அண்டா நிறைய வெந்நீரும், ஒரு சிறு கிண்ணத்து வெந்நீரும் ஒரே நேரத்தில் அடுப்பினின்று இறக்கப்பட்டால் கிண்ணத்து நீரே முதலில் ஆறிவிடும். அண்டாவில் நீரின் அளவுக்கு வெளிப்பரப்பு குறைவு, கிண்ணத்தில் அதிகம். 7 கிராம் எடையுள்ள காடைக் குஞ்சு அந்தச் சிறு கிண்ணத்தைப் போன்றது. அதன் உடலில் உண்டாகும் வெப்பம் உண்டாகிய வேகத்திலேயே வெளியேறிவிடுகிறது. மேலே இறகும் இல்லை. மெல்லிய மயிரே உண்டு. ஆகையால் வெளியிலிருந்து வெப்பம் அளிக்கப்பட வேண்டும்.

முதல் வாரத்தில் குஞ்சின் முதுகு மட்டத்தில் பாரன்ஹீட் 95 முதல் 99 டிகிரி வரை, அதாவது சென்டிகிரேடு 35 முதல் 37 டிகிரி வரை, வெப்பம் இருத்தல் வேண்டும். பிறகு வாரத்திற்குப் பாரன்ஹீட் 5 டிகிரி வீதம் குறைத்துக்கொண்டு வரலாம். மூன்று நான்கு வாரங்களில் இறகு போர்த்துவிடும். பின்னர் நம் நாட்டுச் சீதோஷ்ணத்தில் செயற்கை வெப்பம் பெரும்பாலும் தேவைப்படாது. உஷ்ணமானியைச் சுவரில் மாட்டுவதால் பிரயோஜனமில்லை. தரையிலிருந்து இரண்டு அங்குல உயரத்தில், குஞ்சு நிற்கும் இடத்திலேயே அது தொங்க வேண்டும்.

100 குஞ்சுகளுக்கு 4 அடி விட்டமும் 1 அடி உயரமும் உள்ள வட்டத் தட்டி போதும். மூலை உள்ள பெட்டியைவிட வட்டமே சிறந்தது. குளிரோ அச்சமோ நேர்ந்தால் குஞ்சுகள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நெருக்குண்டு இறக்கும். தட்டியின் நடுவே 60 வாட் குண்டு விளக்குகள் இரண்டைத் தொங்கவிட வேண்டும். இரண்டு என்பதற்குக் காரணம், ஒன்று நள்ளிரவில் பழுதானாலும் மற்றொன்று எரியும் என்பதே. தற்காலத்து எல்.இ.டி. விளக்கு வெளிச்சம் தரும். குஞ்சுக்கு வேண்டிய வெப்பம் தராது. வெளிச்சத்தைக் கண்டு வெப்பமும் உண்டென்று ஏமாறுதல் கூடாது. குஞ்சுகள் வருவதற்கு முந்திய நாளே விளக்கை ஏற்றித் தரையும் தட்டியும் சூடேறும்படி செய்தல் வேண்டும்.

உஷ்ணமானியைக் காட்டிலும் நம்பத்தக்கவை குஞ்சுகளே. விளக்கினடியில் நெருங்கிக் குவிந்து கீச்சுக் குரலில் ஓயாது கத்தினால் குளிர் என்று அறிய வேண்டும். விளக்கைத் தாழ்த்த வேண்டும். விளக்கை விட்டு ஓரத்திற்கு ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் வெப்பம் மிகுதி. விளக்கை உயர்த்த வேண்டும். எல்லாம் ஒரே பக்கம் ஒதுங்கினால் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று வீசுகிறது; அங்கே மறைப்புக் கட்ட வேண்டும். வட்டம் முழுவதும் பரவி, சில உண்பதும் சில உறங்குவதுமாக அமைதியாக இருந்தால் அதுவே சரியான வெப்பம். இந்தச் சோதனையை இரவில் படுக்கப் போகுமுன் ஒரு முறையும், பின்னிரவில் குளிர் மிகும் வேளையில் ஒரு முறையும் செய்தல் அவசியம். சித்திரை, வைகாசி மாதங்களில் பகலில் விளக்கை அணைக்க நேரலாம். மார்கழி, தை மாதங்களில் இரவு முழுவதும் எரிய வேண்டும்.

மின்சாரம் நின்றுபோகும் இரவுக்கு முன்கூட்டியே ஏற்பாடு வேண்டும். வெந்நீர் நிரப்பிய புட்டிகளைச் சாக்கில் சுற்றித் தட்டியினுள் வைத்து, மேலே சாக்கை மூடி, காற்றுப் போக ஒரு பக்கம் இடைவெளி விடலாம். கரி நெருப்புச் சட்டியை மூடிய அறையில் வைப்பது அபாயம். அதினின்று எழும் நச்சு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. குஞ்சுகளோடு அறையில் உறங்கும் மனிதருக்கும் அது உயிர்ச்சேதம் விளைவிக்கும்.

தரை

வழவழப்பான தரையில் நிற்கும் குஞ்சின் கால்கள் இரு பக்கமும் வழுக்கி விரிந்துவிடும். பத்திரிகைத் தாளை மட்டும் விரிப்பதால் இத்தீங்கு அடிக்கடி நேர்கிறது. முதல் சில நாட்களுக்குச் சொரசொரப்பான சாக்குத் துணியையோ, மடிப்புள்ள அட்டையையோ விரித்தல் நலம். உமியை நேரே பரப்பினால் குஞ்சுகள் அதைத் தீனி என்று எண்ணிக் கொத்தும். தீனியை இன்னதென்று அறிந்தபின், ஒரு வாரம் கழித்து, உமி பரப்பலாம்.

கால் விரிந்த குஞ்சைக் கண்ட அன்றே கவனிக்க வேண்டும். இரு கால்களையும் இயல்பாக நிற்கும் இடைவெளியில் வைத்து, மெல்லிய துணிப்பட்டையால் தளர்வாக இணைத்துக் கட்டினால் இரண்டு மூன்று நாட்களில் பெரும்பாலும் சீராகும். நாள் கடந்தால் எலும்பு அவ்வாறே உறுதிப்பட்டுவிடும்.

தண்ணீர்

காடைக் குஞ்சு தண்ணீரில் மூழ்கி இறப்பது கோழி வளர்த்துப் பழகியவருக்கு வியப்பாகத் தோன்றும். ஆனால் கோழிக் குஞ்சு நடந்து கடக்கும் தட்டு காடைக் குஞ்சுக்குக் குளமாகும். அரை அங்குல நீரில் அது தவறி விழுந்து நனைந்து, உடல் குளிர்ந்து மாய்கிறது. ஆகையால் ஆழமில்லாத தட்டில் கழுவிய கூழாங்கற்களையோ கோலிக் குண்டுகளையோ நிரப்பி, கற்களின் இடுக்கில் மட்டும் நீர் நிற்கும்படி ஊற்ற வேண்டும். குஞ்சு கல்லின்மேல் நின்று இடுக்கில் அலகை விட்டுக் குடிக்கும். ஒரு வாரத்திற்குப்பின் கற்களை எடுத்துவிடலாம்.

முதல் தண்ணீர் வெதுவெதுப்பாக இருத்தல் நலம். பயணத்தால் களைத்து வந்த குஞ்சுகளில் சிலவற்றின் அலகை நீரில் ஒரு முறை தொட்டு விட்டால் அவை குடிக்கத் தொடங்கும். மற்றவை அவற்றைப் பார்த்துக் கற்கும். காலை மாலை இருவேளையும் தட்டைக் கழுவிப் புதுநீர் வைக்க வேண்டும். நனைந்து துவண்ட குஞ்சைச் செத்ததென்று எறிந்துவிடலாகாது. துணியால் துடைத்து விளக்கின் வெப்பத்தில் வைத்தால் அநேக குஞ்சுகள் எழுந்து நடப்பதுண்டு.

தீனி

காடைக் குஞ்சு ஒரே வாரத்தில் தன் எடையில் மூன்று மடங்காகிறது. ஆறேழு வாரங்களில் முட்டையிடத் தொடங்குகிறது. இவ்வளவு விரைவாக வளரும் உடலுக்குப் புரதச் சத்து மிகுதியாக வேண்டும். முதல் மூன்று வாரத் தீனியில் 100-க்கு 24 முதல் 27 பங்கு வரை புரதம் இருத்தல் வேண்டும். கடைகளில் கிடைக்கும் கோழிக் குஞ்சுத் தீனியில் சாதாரணமாக அவ்வளவு இராது. வெறும் கம்பும் நொய்யும் உடைத்துப் போட்டு வளர்க்கப்படும் குஞ்சு சாகாவிட்டாலும் தேறாது. காடைக்கென்று தயாரித்த தீனி கிடைக்காத இடங்களில் கால்நடை மருத்துவரின் யோசனைப்படி சோயாப் பிண்ணாக்கு, உப்பிடாத மீன் தூள் முதலியவற்றால் சத்தைக் கூட்டிக்கொள்ளலாம். உப்பிட்ட கருவாட்டை இடித்துச் சேர்ப்பது ஆகாது. உப்பு மிகுந்தால் குஞ்சுக்கு அது விஷமாகும்.

தீனி ரவை போன்று பொடியாக இருக்க வேண்டும். முதல் மூன்று நாள் தீனியைத் தொட்டியில் வைப்பதோடு நில்லாமல், விரிப்பின்மேலும் பல இடங்களில் தூவ வேண்டும். எத்திசையில் கொத்தினாலும் தீனி அகப்பட்டால்தான் குஞ்சு உண்ணக் கற்கும். இந்நாட்களில் இரவும் பகலும் வெளிச்சம் இருத்தல் நலம். இருட்டில் குஞ்சு உண்பதில்லை.

முதல் நாள் மாலையில் ஒரு சோதனை தவறாமல் செய்யத்தக்கது. பத்துக் குஞ்சுகளைக் கையில் எடுத்து, கழுத்தின் அடியிலுள்ள இரைப்பையை விரல் நுனியால் மெதுவாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். அது நிறைந்து மெதுவாக இருந்தால் குஞ்சு தின்றும் குடித்தும் இருக்கிறது. கடினமாக இருந்தால் தின்றது, நீர் காணவில்லை. காலியாக இருந்தால் இரண்டையும் காணவில்லை. அவ்வாறு காலியாக உள்ளவை சில உண்டெனில் வெளிச்சத்தைக் கூட்டி, தீனியையும் நீரையும் விளக்கின் அருகே நெருக்கி வைக்க வேண்டும். வயிற்றினுள் இருந்த மஞ்சள் கரு தீரும்வரை பட்டினிக் குஞ்சும் மற்றவை போலவே ஓடியாடும். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ திடீரென்று வீழ்ந்து இறக்கும். அன்று மருந்து தேடுவதில் பயனில்லை.

கடலைப் பிண்ணாக்கின் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. 1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு லட்சத்திற்கு மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் இறந்தன. ஆராய்ந்ததில், தீனியில் கலந்த கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த ஒருவகைப் பூசணத்தின் நஞ்சே காரணமென்று கண்டறியப்பட்டது. அஃபிளாடாக்ஸின் என்று பெயர்பெற்ற அந்நஞ்சு வேகவைத்தாலும் எளிதில் அழிவதில்லை. ஈரம் பட்டுப் பூசணம் பூத்த பிண்ணாக்கையோ, மக்காச்சோளத்தையோ வெயிலில் காயவைத்துக் குஞ்சுக்கு இடுவது சிக்கனமன்று. தீனி மூட்டைகளைத் தரையில் படாமல் மரப்பலகையின்மேல் அடுக்கி, மழைக்காலத்தில் சிறிது சிறிதாகவே வாங்க வேண்டும்.

பகைகளும் நோய்களும்

எறும்பு சிறு பகையாகத் தோன்றினும் காடைக் குஞ்சுக்குப் பெரும் பகையாகும். சோர்ந்த குஞ்சை ஓர் இரவில் மொய்த்துக் கொன்றுவிடும். கூண்டின் கால்களை நீர் நிரப்பிய கிண்ணங்களில் நிறுத்த வேண்டும்; சிந்திய தீனியை அன்றன்றே கூட்ட வேண்டும். எலி, பூனை, பாம்பு, காகம் ஆகியவற்றைத் தடுக்கக் கால் அங்குலக் கண்ணுள்ள கம்பிவலை வேண்டும். ஒரு வாரம் கடந்த குஞ்சு துள்ளிப் பறக்கத் தொடங்குமாதலால் மேலேயும் வலை போர்த்த வேண்டும்.

ஆசனவாயில் எச்சம் ஒட்டி அடைத்துக்கொண்ட குஞ்சை வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் ஊறவைத்துத் துடைக்க வேண்டும். உலர்ந்ததைப் பிய்த்தால் தோல் கிழியும். பல குஞ்சுகளுக்கு இவ்வாறு நேர்ந்தால் வெப்பம் சரியாக இல்லையென்று கருதி விளக்கைக் கவனிக்க வேண்டும். காடைகளையும் கோழிகளையும் ஒரே கொட்டகையில் வளர்ப்பது ஒன்றின் நோயை மற்றொன்றுக்குக் கொடுப்பதாகும். ஈர விரிப்பை உடனே மாற்ற வேண்டும். இறந்த குஞ்சுகளைக் குப்பைமேட்டில் எறியாமல் சுண்ணாம்பிட்டு ஆழப் புதைக்க வேண்டும். இரத்தக் கழிச்சல் கண்டாலும், ஒரே நாளில் பல குஞ்சுகள் வீழ்ந்தாலும், கடைக்காரர் சொல்லும் மருந்தை வாங்கி ஊற்றாமல், இறந்த குஞ்சோடு கால்நடை மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும்.

மரணக் கணக்கு

ஒவ்வொரு நாளும் இறந்த குஞ்சுகளின் எண்ணிக்கையை ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதிவைத்தால், அக்கணக்கே பிழையைக் காட்டிக் கொடுக்கும். முதல் இரவில் பல இறந்து ஓரிடத்தில் தட்டையாகக் கிடந்தால் குளிரால் நெருக்குண்டு மூச்சடைத்தன என்று பொருள். தண்ணீர்த் தட்டின் அருகே ஈரமாகக் கிடந்தால் தட்டு ஆழம். மூன்றாம் நான்காம் நாட்களில் வயிறு ஒட்டி, எடை குறைந்து இறந்தால் அவை முதல் நாளில் தீனி காணாதவை. முதல் வாரத்தில் வயிறு உப்பி, தொப்புள் கறுத்து இறந்தால் பிழை பெரும்பாலும் பொரிப்பகத்தின் சுத்தக் குறைவில் உள்ளது. அடுத்த முறை குஞ்சு வாங்கும் இடத்தை மாற்றுவது பற்றி யோசிக்கலாம். இரண்டாம் வாரத்திற்குப்பின் எச்சம் கெட்டு இறந்தால் விரிப்பின் ஈரத்தையும் நோயையும் ஆராய வேண்டும். கணக்கு எழுதாதவருக்கு எல்லா மரணமும் விதியாகவே தோன்றும். எழுதுபவர் மறுமுறை அதே பிழையைச் செய்வது அரிது.

சங்கம் செய்யத்தக்கவை

1920-களில் திருவிதாங்கூரைச் சேர்ந்த மார்த்தாண்டத்தில், ஒய்.எம்.சி.ஏ. நிறுவிய கிராம புனருத்தாரண நிலையம் ஸ்பென்ஸர் ஹாட்ச் என்பவரின் தலைமையில் கோழி வளர்ப்பைக் குடியானவரிடையே பரப்பி, முட்டைகளைக் கூட்டாகச் சேர்த்து விற்கும் முறையையும் ஏற்படுத்தியது. விற்பனையில் பயன்பட்ட அந்த ஒற்றுமை குஞ்சு வளர்ப்பிலும் பயன்படும்.

பத்து அங்கத்தினர் பத்து வீடுகளில் இருபது விளக்குகள் ஏற்றி, பத்துப் பேர் இரவில் விழிப்பதைவிட, ஓர் இடத்தில் தட்டிகள் அமைத்து முறைவைத்துக் காத்தல் எளிது, செலவும் குறையும். ஒரு தட்டியில் 100 குஞ்சுகளுக்கு மேல் சேர்க்காமல் தனித்தனி வட்டங்களாகப் பிரித்தால் ஒரு வட்டத்தில் நேரும் கேடு மற்றொன்றில் பரவுவதும் குறையும். மூன்று வாரம் நிரம்பி இறகு போர்த்தபின் அவரவர் பங்கைப் பிரித்துக் கொடுக்கலாம். அவ்வாறு செய்யும்போது இரவு முறைக்கு வருபவர் பெயரும், அவர் கண்ட உஷ்ண அளவும், இறந்த எண்ணிக்கையும் சங்கப் புத்தகத்தில் பதிவாக வேண்டும். புதிதாகத் தொடங்குவோருக்கு முதல் கடனை 50 குஞ்சுகளுக்கு மட்டும் கொடுத்து, அவர்கள் அவற்றைக் காத்த திறமையைக் கண்டபின் தொகையைக் கூட்டுவது சங்கத்துக்கும் கடன் பெறுபவருக்கும் க்ஷேமமாகும்.

கூட்டத்தில் ஆலோசிக்கத்தக்க வினாக்கள்

1. நம் கிராமத்தில் சென்ற முறை வாங்கிய குஞ்சுகளில் எத்தனை முதல் பத்து நாட்களில் இறந்தன? எந்த நாளில் அதிகம் இறந்தன?

2. குஞ்சுகள் வந்து சேர்ந்த வேளையில் விளக்கும், நீரும், தீனியும் ஆயத்தமாக இருந்தனவா?

3. இரவில் மின்சாரம் நின்றால் ஒவ்வொரு வீட்டிலும் என்ன ஏற்பாடு உண்டு?

4. சங்கத்தின் தீனிக் கிடங்கில் பிண்ணாக்கு மூட்டைகள் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன? அவற்றைக் கடைசியாகப் பிரித்துப் பார்த்தவர் யார்?

5. அடுத்த முறை குஞ்சுகளை ஒரே இடத்தில் வளர்ப்பதாயின், அதற்குத் தகுந்த இடம் எது? இரவு முறைக்கு ஒப்புக்கொள்பவர் யாவர்?